மாத்திரைக் கணக்கும் ரத்தக் கணக்கும்

ஒன்பது வயதுக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை 25 கிலோ. டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம். அந்த வயதுக்கு 11.5 இருந்தாக வேண்டும் என்பதால் ரத்தசோகைப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. பள்ளியில் வாரம் ஒரு நாள் 45 மில்லிகிராம் இரும்புச்சத்து மாத்திரை. பன்னிரண்டு வாரமும் விடாமல் விழுங்கியாயிற்று. மறுபடி விரலில் குத்திப் பார்த்தால் 10.7. கொடுத்தவர் முகம் தொங்கிப்போகிறது. மாத்திரை போலியோ, குழந்தை ஓரமாகப் போய்த் துப்பிவிட்டதோ என்று சந்தேகம் கிளம்புகிறது.

இரண்டுக்கும் வாய்ப்புண்டு. ஆனால் சந்தேகப்படுமுன் ஒரு பெருக்கல் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கிலோவுக்கு 75 மில்லி என்று வைத்தால் இந்தக் குழந்தையின் உடம்பில் ஓடுவது 1,875 மில்லி ரத்தம், அதாவது 18.75 டெசிலிட்டர். ஹீமோகுளோபின் 10-லிருந்து 12-க்கு ஏற வேண்டுமென்றால் ஒவ்வொரு டெசிலிட்டருக்கும் 2 கிராம் கூட வேண்டும். மொத்தம் 37.5 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக, ரத்தத்துக்குள் போய்ச் சேர வேண்டிய இரும்பு ஏறத்தாழ 128 மில்லிகிராம். நாம் கொடுத்தது? 45-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 540. அதில் குடல் உறிஞ்சுவது நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து என்று தாராளமாகவே வைத்தாலும் 54 முதல் 81 மில்லிகிராம்தான். அத்தனையும் நேராக ஹீமோகுளோபினாக மாறினால்கூட ஏற்றம் 0.9 முதல் 1.3 கிராம். அந்த மூன்று மாதத்தில் குழந்தை வளர்ந்திருக்கும், ரத்தமும் கூடியிருக்கும், கொஞ்சம் இழப்பும் இருந்திருக்கும். 10.7 என்பது மாத்திரையின் தோல்வி இல்லை. கணக்குப்படி வர வேண்டியதுதான் வந்திருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளின் ரத்தசோகையைப் பற்றிய பேச்சில் பாதிக் குழப்பம் இங்கேதான். மாத்திரைக் கணக்கு ஒன்று, ரத்தக் கணக்கு வேறொன்று. எத்தனை மாத்திரை போனது, எத்தனை பேர் விழுங்கினார்கள் என்பது முதல் கணக்கு. பதிவேடுகள் எல்லாம் அதைத்தான் நிரப்புகின்றன. உள்ளே போனதில் எவ்வளவு ஒட்டியது, ஒட்டியதில் எவ்வளவு வெளியேறியது என்கிற இரண்டாவது கணக்குக்குப் பதிவேட்டில் பத்தியே கிடையாது.

வாரம் ஒரு மாத்திரை என்பது தடுப்புக்கு வகுக்கப்பட்ட முறை. சிகிச்சை அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே பிரித்துவைத்திருக்கிறது. பள்ளி வயதினரில் நூற்றுக்கு 20 பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கும் இடங்களில் 5 முதல் 12 வயது வரை வாரத்துக்கு ஒருமுறை 45 மில்லிகிராம். மூன்று மாதம் கொடு, மூன்று மாதம் நிறுத்து, பிறகு மறுபடி தொடங்கு. நூற்றுக்கு 40 பேரைத் தாண்டிவிட்டால் தினமும் 30 முதல் 60 மில்லிகிராம், ஆண்டில் தொடர்ந்து மூன்று மாதம். மாதவிடாய் தொடங்கிய பெண்களுக்கான வாராந்திர முறையில் 60 மில்லிகிராம் இரும்போடு 2,800 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இவை மூன்றும் ஒரு பள்ளியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கொடுக்கும் அளவுகள். பரிசோதனையில் ரத்தசோகை என்று தெரிந்துவிட்ட குழந்தை அந்த வரிசையிலேயே நின்றுகொண்டிருக்கக் கூடாது. அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும்: மருத்துவரின் மேற்பார்வையில் தினமும் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற கணக்கில், அதாவது இந்தக் குழந்தைக்கு நாளுக்கு 75 மில்லிகிராம் இரும்பு. ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பில் காலியான இரும்பு இருப்பு நிரம்பும். நடுவில் விட்டால், அடுத்த காய்ச்சலிலோ அடுத்த வளர்ச்சி வேகத்திலோ மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

அட்டையில் எழுதியிருப்பது எது?

இன்னொரு பழைய தவறு மாத்திரை அட்டையைப் படிப்பதில் நடக்கிறது. அதில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இரும்பு உப்பின் எடை. இரும்பின் எடை அதில் ஒரு பங்குதான். ஃபெரஸ் சல்ஃபேட்டில் (நீர்மூலக்கூறு சேர்ந்த வகை) ஐந்தில் ஒரு பங்கு இரும்பு: 300 மில்லிகிராம் மாத்திரையில் 60. ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு: 180 மில்லிகிராமிலேயே 60 வந்துவிடும். ஃபெரஸ் குளுகோனேட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டுதான்: அதே 60-க்கு 500 மில்லிகிராம் வேண்டும். போன தவணை சல்ஃபேட் வந்தது, இந்தத் தவணை குளுகோனேட் வந்தது, இரண்டிலும் 300 என்று எழுதியிருக்கிறது என்று அப்படியே கொடுத்தால் குழந்தைக்குப் போவது 60-லிருந்து 36 ஆகக் குறைந்துவிடும். சிரப்பாக வந்தால் இன்னும் கவனம் தேவை. ஐந்து மில்லியில் எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று பார்க்காமல் ‘ஒரு ஸ்பூன்’ என்று சொல்வது அளவே சொல்லாததற்குச் சமம்.

எண் எப்படிக் கிடைத்தது

ஐந்து முதல் 11 வயது வரை 11.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 12 முதல் 14 வரை 12. பதினைந்துக்கு மேல் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13. ஐந்து வயதைத் தாண்டிய பள்ளிப் பிள்ளைகளில் 8-க்குக் கீழே என்றால் கடுமை. பள்ளி வரிசையில் வைத்துப் பார்க்கும் காரியமில்லை, அன்றே மருத்துவமனை. உயரமான மலைப்பகுதிகளில் வாழ்பவர்களுக்குக் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் உடம்பு கூடுதலாக ஹீமோகுளோபின் வைத்துக்கொள்ளும். அங்கே இதே எண்ணை வைத்து அளந்தால் சோகை உள்ளவரும் இல்லாதவராகத் தெரிவார். 2024-இல் வந்த புதிய வழிகாட்டுதல் கடல்மட்டத்துக்கு 500 மீட்டர் மேலிருந்தே திருத்தம் செய்யச் சொல்கிறது. முன்பு இது 1,000 மீட்டரில்தான் தொடங்கியது.

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பது, நகத்தையும் உள்ளங்கையையும் பார்ப்பது எல்லாம் ஏழு, எட்டு கிராமில் இருக்கும் குழந்தையைக் காட்டிக்கொடுக்கும். பத்தரையில் இருப்பதைக் காட்டாது. பள்ளிகளில் இருக்கும் பெரும்பான்மையோ இந்தப் பத்தரை வகைதான். ஆகவே அளக்க வேண்டும். அளப்பதிலோ விரல் நுனி பொல்லாதது.

கையடக்கக் கருவியில் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் குத்துவதற்கு முன்பும் பின்புமான அரை நிமிடத்தில்தான் நடக்கின்றன. கை குளிர்ந்திருந்தால் ரத்தம் வராது. வராவிட்டால் விரலைப் பிழிவார்கள். பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வந்து ரத்தத்தை நீர்க்கச் செய்யும். எண் குறைந்து காட்டும். ஸ்பிரிட் காயுமுன் குத்தினாலும் இதே கதைதான். முதல் இரண்டு சொட்டுகளைத் துடைத்துவிட்டு மூன்றாவது பெரிய சொட்டை எடுக்க வேண்டும். ரத்தத்தை உறிஞ்சிக் கருவிக்குள் வைக்கும் சின்னத் தகடான கியூவெட்டை ஒரே தடவையில் நிரப்ப வேண்டும், பாதியில் நின்றதை மறுபடி சொட்டில் வைத்து நிரப்பக் கூடாது. உள்ளே காற்றுக்குமிழ் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். வெளிப்புறத்தில் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்கும்போது முனையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கியூவெட் டப்பாவைத் திறந்தே வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது இன்னொரு வழக்கம். ஈரப்பதம் ஏறினால் உள்ளிருக்கும் வேதிப்பொருள் கெட்டு எண் திசைமாறும். டப்பா திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைப்பது சின்ன வேலை, யாரும் செய்வதில்லை.

அரை கிராம் பிழை ஒரு குழந்தைக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு பள்ளியில் நிறைய பேர் 11-க்கும் 12-க்கும் நடுவில்தான் குவிந்திருப்பார்கள். எல்லோருக்கும் அரை கிராம் ஒரே பக்கம் சாய்ந்தால் ரத்தசோகை விகிதம் 20-க்குக் கீழிருந்து 40-க்கு மேலே தாவிவிடக்கூடும். வாராந்திரமா, தினசரியா என்ற முடிவு அந்த விகிதத்தை நம்பித்தான் எடுக்கப்படுகிறது.

போதாக்குறைக்கு, இந்த வயதினரை அளப்பதே குறைவு. பல நாடுகளில் நடக்கும் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகள் வழக்கமாக ரத்தம் எடுப்பது ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமும் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடமும்தான். நடுவில் இருக்கும் பத்து வருடம் விட்டுப்போகிறது. 1993 முதல் 2005 வரையிலான தரவுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கில் பள்ளி வயதினரில் நூற்றுக்கு 25.4 பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. மற்ற வயதுகளுக்கு எண்கள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்க, இந்த வயதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னமும் அந்தப் பழைய எண்ணையே கையில் வைத்திருக்கிறார்கள்.

செலவுப் பக்கம்

இனி அந்த ஒன்பது வயதுக் குழந்தையின் அன்றாடக் கணக்கு. தோல், குடல் செல்கள் உதிர்வதில் நாளுக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக இரும்பு போகும். வருடத்துக்கு மூன்று கிலோ எடை கூடுகிறது என்றால் அதற்கேற்ற 225 மில்லி புது ரத்தத்துக்கு மட்டும் 92 மில்லிகிராம் வேண்டும், அதாவது நாளுக்குக் கால் மில்லிகிராம். ஆக, நாளொன்றுக்குக் குடல் உறிஞ்சித் தர வேண்டியது சுமார் 0.7 மில்லிகிராம். தானியமும் பருப்புமாகச் சாப்பிடும்போது உணவிலுள்ள இரும்பில் நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் பத்துதான் உள்ளே போகும். எனவே தட்டில் 7 முதல் 14 மில்லிகிராம் இருக்க வேண்டும். மாதவிடாய் தொடங்கிய பெண்ணுக்கு மாதம் 35 மில்லி ரத்தம் போனால் அதுவே நாளுக்கு அரை மில்லிகிராம் கூடுதல் செலவு. அதே ஆண்டுகளில்தான் உடம்பும் வேகமாக வளர்கிறது. பதின்வயதுப் பெண்களிடம் சோகை ஏன் கூடுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இப்போது இந்தக் கணக்குக்குள் கொக்கிப்புழுவைக் கொண்டுவருவோம். நெக்கேட்டர் வகைப் புழு ஒன்று நாளுக்கு 0.03 மில்லி ரத்தத்தை வீணாக்கும். ஆன்கைலோஸ்டோமா டுவோடினேல் என்ற மற்ற வகை அதைப் போல ஐந்தாறு மடங்கு, சுமார் 0.2 மில்லி. குடலில் 100 நெக்கேட்டர் புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லி ரத்தம். ஹீமோகுளோபின் 10-இல் இருக்கும் குழந்தைக்கு அது ஒரு மில்லிகிராம் இரும்பு. குடலுக்குள் சிந்தியதில் ஒரு பங்கைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், மொத்தத் தேவைக்கு ஈடான செலவு புதிதாக முளைத்துவிட்டது. இந்த ஓட்டையை அடைக்காமல் மேலிருந்து மாத்திரை ஊற்றிக்கொண்டிருந்தால் பதிவேட்டில் எத்தனை டிக் விழுந்தாலும் பயனில்லை.

குடற்புழு நீக்கத்துக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை, அல்லது மெபெண்டசோல் 500. நூற்றுக்கு 20 பேருக்கு மேல் புழு இருந்தால் வருடம் ஒருமுறை, 50-ஐத் தாண்டினால் வருடம் இருமுறை. இரண்டு மருந்தும் ஒன்றுதான் என்று நினைக்கக் கூடாது. ஒரே வேளையாகக் கொடுக்கும் மெபெண்டசோல் கொக்கிப்புழுவிடம் பலவீனமானது. ரத்தசோகைக்காகத்தான் புழு நீக்குகிறோம் என்றால் அல்பெண்டசோலே சரி. சாட்டைப்புழு என்ற இன்னொரு குடற்புழுவுக்கோ ஒரே வேளை கொடுத்தால் இரண்டுமே சுமார்தான். மாத்திரையை மென்று விழுங்க வேண்டும்; சிறு குழந்தைகளுக்குப் பொடித்து நீரில் கலந்து கொடுக்க வேண்டும்; அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் போட்டால் மூச்சுக்குழலில் சிக்கும், உயிர் போகும். மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்கிறது. மண்ணில் இருக்கும் இளம்புழு வெறுங்காலில் தோலைத் துளைத்து மறுபடி ஏறும். செருப்பும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் சில மாதங்களிலேயே புழு திரும்பிவந்து குடியேறிவிடும்.

சிறுநீரில் ரத்தம் போகும் நோய் ஒன்று உண்டு. சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணி நன்னீர் நத்தைகள் வழியாகப் பரவும் பகுதிகளில், குறிப்பாக ஆப்பிரிக்காவில், பள்ளிப் பிள்ளைகளிடம் இது அதிகம். இதற்கு அல்பெண்டசோல் ஒன்றும் செய்யாது. கிலோவுக்கு 40 மில்லிகிராம் பிராசிகுவான்டெல் வேண்டும். எடைத்தராசு இல்லாத இடத்தில் உயரத்தை அளக்கும் கோலிலேயே எத்தனை மாத்திரை என்று குறித்துவைத்திருப்பார்கள். எளிமையான, நல்ல ஏற்பாடு. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும் வாய்ப்பு அதிகம்.

மலேரியா இருக்கும் இடத்தில் கணக்கு வேறு மாதிரி. அங்கே இரும்பு குறைவதைவிடச் சிவப்பணுவே உடைகிறது. தான்சானியாவின் பெம்பா தீவில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துச் செய்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானபோது, மாத்திரை பெற்றவர்களில் கடும் நோயும் இறப்பும் கூடியிருந்தது தெரியவந்தது. அதன் பிறகுதான், மலேரியா பரவும் பகுதிகளில் நோயைத் தடுக்கவும் கண்டறியவும் சிகிச்சை தரவும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே இரும்பு கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை வழிகாட்டுதல்களில் ஏறியது. பள்ளி வயதினர் அந்தச் சிறு குழந்தைகள் அளவுக்கு ஆபத்தில் இல்லை. ஆனால் காய்ச்சலோடு வந்து நிற்கும் குழந்தைக்கு அன்றைக்கு மாத்திரை வேண்டாம் என்பது எங்கேயும் பொருந்தும்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொற்று இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். அது குடலின் இரும்பு வாசலைச் சாத்திவிடும். கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்ய உடம்பு கண்ட வழி அது. வாசல் மூடியிருக்கும்போது கொடுத்த மாத்திரை குடலில் தங்கி வயிற்றைத்தான் கெடுக்கும். அடிக்கடி வயிற்றுப்போக்கும் சளியுமாக இருக்கும் பிள்ளைகளுக்கு, சுத்தமான குடிநீர் இரும்பு மாத்திரைக்குத் துணைமருந்து மாதிரி. இதே தொற்றால், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் பரிசோதனையும் ஏமாற்றும். ஐந்து வயதுக்கு மேல் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இருப்பு காலி. ஆனால் தொற்று இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். அப்போது 70-க்குக் கீழே இருந்தாலே பற்றாக்குறை என்று கொள்ள வேண்டும்.

வரவுப் பக்கம்

கீரை தின்றால் ரத்தம் ஊறும் என்பது எல்லோரும் சொல்வது. கீரையில் இரும்பு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. உள்ளே போவது கொஞ்சம்தான். இறைச்சி, மீன் இவற்றில் இருக்கும் ஹீம் இரும்பில் கால் பங்கு அளவுக்குக்கூட உறிஞ்சப்படும். தாவர இரும்புக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் தாவர இரும்பை மேம்படுத்தலாம். அதே தட்டில் வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று, வேகவைக்காமல். சமைத்தால் அந்த வைட்டமின் பெரும்பகுதி போய்விடும். பருப்பையும் தானியத்தையும் ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். இரும்பைக் கட்டிப்போடுவது அந்த ஃபைட்டேட்தான். டீயும் காபியும் உணவோடு சேர்ந்தால் உறிஞ்சுதல் பாதிக்கும் கீழேகூட இறங்கலாம். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டாலே போதும், விலக்க வேண்டியதில்லை. மாத்திரையைப் பாலோடு கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. கால்சியம் இரும்போடு போட்டி போடும்.

பள்ளி உணவில் செறிவூட்டிய மாவோ அரிசியோ வருகிறது என்றால், ‘இரும்பு சேர்த்தது’ என்ற முத்திரை போதாது. எந்த இரும்பு என்று கேட்க வேண்டும். தவிடு நீக்காத மாவில் ஃபைட்டேட் அதிகம். அங்கே ஃபெரஸ் சல்ஃபேட் சேர்த்தால் கட்டுப்பட்டுப் போகும், அதற்குச் சோடியம் இரும்பு ஈடிடிஏ என்ற சேர்மம்தான் சரி. ஃபெரஸ் சல்ஃபேட் நன்றாக உறிஞ்சப்படும், மலிவும்கூட. ஆனால் மாவை நீண்ட நாள் வைத்தால் கொழுப்பைக் காறவைத்துவிடும். அரிசிக்கு ஃபெரிக் பைரோபாஸ்ஃபேட் போடுகிறார்கள், நிறம் மாறாது என்பதற்காக. உறிஞ்சுதல் குறைவு, அளவைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். வெறும் இரும்புத்தூள் சேர்த்த மாவு மலிவானது. அதில் பல வகைகள் குடலைத் தொட்டும் தொடாமலும் கடந்து போய்விடும். சோற்றில் தூவும் நுண்சத்துத் தூள் பொட்டலங்களில் இந்த வயதுக்கு 12.5 முதல் 30 மில்லிகிராம் இரும்பு இருக்கும். கொதிக்கும் உணவில் தூவினால் நிறமும் வாசனையும் மாறி, குழந்தை தட்டைத் தள்ளிவிடும். சாப்பிடும் சூட்டுக்கு ஆறியதும் கலக்க வேண்டும்.

ஒல்லியும் குட்டையும் சோகையும்

ஊட்டக்குறைவு என்று ஒரே சொல்லில் நாம் அள்ளிப்போடும் மூன்றும் மூன்று விதம். வயதுக்கேற்ற உயரம் இல்லாதது, உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்ற சதை இல்லாதது, நுண்சத்துக் குறைவு. ஒல்லியாக இருப்பவர்களின் பட்டியலும் சோகை உள்ளவர்களின் பட்டியலும் ஒன்றாக இருக்காது. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையை ரத்தப் பரிசோதனை வரிசையிலிருந்து விலக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. உடல்பருமனும் லேசான அழற்சியை உண்டாக்கி ஹெப்சிடினை ஏற்றும் என்பது அங்கே நினைவுக்கு வருவதில்லை.

5 முதல் 19 வயது வரையானவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைதான் அளவுகோல். வயதுக்கேற்ற பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் இருமடியால் வகுத்த எண்), சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் (விலகலை அளக்கும் புள்ளியியல் அலகு) கீழே போனால் மெலிவு, மூன்று போனால் கடும் மெலிவு. உயரமும் அப்படியே. வயதுக்கேற்ற எடை என்ற வரைபடம் பத்து வயதோடு நின்றுவிடும். அதற்குமேல் பூப்பு வேகத்தில் எடை எதையும் தனியாகச் சொல்லாது. பெரியவர்களுக்கான 18.5 என்ற பிஎம்ஐ எல்லையைப் பிள்ளைகள் மேல் போட்டால் வகுப்பே மெலிந்துவிட்டதாகத் தெரியும்.

இதில் உயரப் பிழைதான் மோசமானது, ஏனென்றால் பிஎம்ஐயில் உயரம் இருமடியாக வருகிறது. 25 கிலோ, 130 சென்டிமீட்டர் என்றால் 14.8. செருப்பைக் கழற்றவில்லை, கொண்டையைத் தளர்த்தவில்லை, 132 என்று எழுதிவிட்டோம் என்றால் 14.3-க்கு வந்துவிடும். குதிகால், பிட்டம், தோள்பட்டை பலகையில் பட வேண்டும். கண் நேர்ப்பார்வையில் இருக்க வேண்டும். இரண்டு தடவை அளந்து, வித்தியாசம் அரை சென்டிமீட்டரைத் தாண்டினால் மூன்றாவது தடவை. பிறந்த தேதி சரியில்லாத இடத்தில் எல்லோரும் ஜனவரியிலோ பள்ளி சேரும் மாதத்திலோ பிறந்தவர்களாகப் பதிவாகியிருப்பார்கள். அந்த ஆறு மாதப் பிழை குட்டை வளர்ச்சி விகிதத்தை ஏற்றவும் இறக்கவும் போதும்.

குட்டை வளர்ச்சியின் பெரும்பகுதி இரண்டு வயதுக்குள்ளேயே நடந்து முடிந்தது. அதைப் பள்ளி உணவு திருப்பித் தந்துவிடும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. உயரத்தை ஈடுகட்டுகிறேன் என்று மாவும் எண்ணெயும் சர்க்கரையுமாகக் கலோரியை ஏற்றினால் அது இடுப்பில்தான் சேரும். பள்ளி உணவால் உறுதியாக ஆகக்கூடியது வேறு: காலைப் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கவனம் அன்றைக்கே திரும்பும்; வருகை கூடும்; பதின்வயது வேகத்துக்குப் புரதமும் துத்தநாகமும் கிடைக்கும். இவையே போதுமான காரணங்கள் என்பது என் எண்ணம்.

கொடுக்கும் நாள்

வாரத்தில் ஒரே கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிரியர் கண்முன். வெறும் வயிற்றில் உறிஞ்சுதல் கூடும் என்பது உண்மை. ஆனால் குமட்டலும் கூடும். முதல் நாள் ஒரு பிள்ளை வாந்தியெடுத்தால் பார்த்துக்கொண்டிருக்கும் இருபது பேருக்கும் வயிறு புரட்டும். மாலைக்குள் ஊரெங்கும் விஷ மாத்திரைக் கதை. அதோடு அந்தப் பள்ளியில் திட்டம் முடிந்தது. ஆகவே மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேர்வு நாளிலும் விரத நாளிலும் தொடங்கக் கூடாது. வாந்தியெடுத்த பிள்ளையைத் தனியே நிழலுக்கு அழைத்துப்போய் உட்காரவைக்க வேண்டும். முதல் மாத்திரையை ஆசிரியர் பிள்ளைகள் முன் தானே விழுங்கிக் காட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

விடுமுறைக்கு முன் மொத்தமாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது பற்றி ஓர் எச்சரிக்கை. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போனாலே நச்சு அறிகுறி தொடங்கலாம், 60-ஐத் தொட்டால் உயிராபத்து. பத்து கிலோ எடையுள்ள தம்பி, அக்காவின் மாத்திரைப் பொட்டலத்தில் பத்தை மிட்டாய் என்று தின்றால், 60 மில்லிகிராம் மாத்திரைகளாக இருந்தால், அந்த 60-ஐத் தொட்டாயிற்று. முதலில் வாந்தி, பிறகு சில மணி நேரம் தேறிவிட்டது போன்ற தோற்றம், பிறகு சரிவு. அந்த நடு நேரத்தைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

ஏறாத குழந்தை

தினசரிச் சிகிச்சையில் நான்கு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிராம் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் அளவைக் கூட்டுவதற்கு முன் வரிசையாகக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. விழுங்குகிறதா? டீயோடா, பாலோடா? புழு மருந்து எப்போது கொடுத்தது? காய்ச்சல், நாட்பட்ட சளி உண்டா? மாதவிடாய் அளவுக்கு மீறிப் போகிறதா? விலங்குணவே இல்லாத வீடா? அப்படியானால் வைட்டமின் பி12 பார்க்க வேண்டும். அதில் சிவப்பணு பெருத்திருக்கும், சிறுத்திருக்காது. பரம்பரையாக வரும் அரிவாள்செல் சோகை உள்ள சமூகங்களில் அதையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய பெயின்ட் உரியும் சுவர்களும் மின்கலம் உருக்கும் பட்டறைகளும் பக்கத்தில் இருந்தால் ஈயத்தையும் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகும் மிஞ்சுகிறவர்களில் ஒரு பங்கு தலசீமியா கூறு உள்ளவர்கள், அதாவது ஹீமோகுளோபின் உருவாவதில் பரம்பரையாக ஒரு சிறு குறை உள்ளவர்கள். முழு ரத்த எண்ணிக்கைச் சீட்டில் இரண்டே எண்ணைப் பார்த்தால் போதும்: சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவை, மில்லியனில் இருக்கும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 65-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11.6. பதிமூன்றுக்குக் கீழே வந்தால் தலசீமியா கூறு என்று சந்தேகிக்கலாம், மேலே என்றால் இரும்புக் குறைவு. இது சந்தேகத்துக்கான கணக்குதான். இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் ஃபெரிட்டினும் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கூறு உறுதியாகி, ஃபெரிட்டினும் சரியாக இருந்தால் அந்தக் குழந்தைக்கு 10.8 என்பது நோயல்ல. சிகிச்சை மாத்திரையை நிறுத்திவிடலாம். நிறுத்தியதையும் காரணத்தையும் பதிவேட்டில் பெயருக்கு நேரே எழுதி, வீட்டுக்கும் ஒரு சீட்டு கொடுத்தனுப்ப வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் வேறொருவர் வந்து விரலில் குத்தி, மறுபடி முதல் மாத்திரையிலிருந்து தொடங்குவார்.